அப்பா எடுத்துக் கொடுத்த மண்

அத்தியாயம் பதினொன்று

காய்ச்சல் விட்டுவிட்டது. அசதிதான் விடுவேனா என்கிறது.

போன வாரம் மூத்தவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். "பாவம், அவளுக்கு ஒரு வாரம் லீவு குடுங்களேன்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நான் கொடுப்பேன், அவள் ஆபீஸ் கொடுக்க வேண்டுமே. இதோ, ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளை மேட்டில், உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால், கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூத்தவளுக்கு மாநகராட்சிப் பூங்காத் துறையில் வேலை. ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் சும்மா கிடக்கிற இடங்களில், அக்கம்பக்கத்து ஜனங்களே சேர்ந்து வளர்க்கிற மாதிரி பொதுத் தோட்டங்கள் வரப்போகின்றன. பெர்மாகல்ச்சர் தோட்டம் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உழ வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம். மரம், செடி, கொடி எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக நிற்கிற மாதிரி ஆரம்பத்தில் ஒரு தடவை சரியாக யோசித்து அமைத்துவிட்டால், அப்புறம் அதுவே பெரும்பாலும் தன்னைப் பார்த்துக்கொள்ளுமாம். ஆரம்பத்தில் யோசிக்கிற அந்த ஒரு தடவைதான் இவள் தலையில் விடிந்திருக்கிறது.

வெயில் எங்கே விழுகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தினமும் வந்து கை கொடுக்க ஆட்கள் உண்டா, இதையெல்லாம் பார்த்து இடம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் காலி மனை காலி மனையாக அலைந்ததில் ஆபீஸில் இவளுக்கு 'மனை மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மனைகூடச் சொந்தமில்லாதவளுக்கு.

வீட்டில் அப்பா, தம்பி, தம்பி மனைவி. தம்பி பஸ் டிரைவர். அவன் மனைவிக்கு ஆறாவது மாசம். அப்பா கடைசல் பட்டறையில் இரும்பு கடைந்தே முதுகு வளைந்தவர். வேலையை விட்டு வந்ததும் ஒரு வருஷம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒருநாள் மண்வெட்டியோடு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் இறங்கினார். அன்றிலிருந்துதான் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், பேசுகிறார், சில சமயம் விசிலடிக்கிறார். "ஊரான் இடத்துல எதுக்கு இந்த வேலை" என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லப்போக, ஒரு மாசமாக அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை.

அந்த மனைதான் பட்டியலில் முதல் இடம். இன்று மாலை கமிட்டி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்லப்போகிறது. கிடைத்தால் தோட்டத்தின் சாவி அப்பா கையில். கிடைக்காவிட்டால் வேலி போட்டுப் பூட்டிவிடுவார்கள், அப்பா மறுபடி சுவரைப் பார்க்கப் போய்விடுவார். மூத்தவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டது இந்தப் பயத்தில்தான்.

"இங்க செடி வளரும்" என்றாள் சூளை மேட்டில் பக்கத்தில் நின்றவள். மண் பரிசோதனை செய்கிற லேப்பில் இருப்பவள். எல்லோரும் அவளை மண் டாக்டர் என்பார்கள்.

"வளரும். யார் வந்து பார்க்கறது? கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு வீடு இல்லை."

"லாரிக்காரங்க?"

"நிறுத்தி டயருக்குக் காத்தடிப்பாங்க. களை எடுப்பாங்களா?"

மண் டாக்டர் சிரித்தாள். மூத்தவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. சூளையின் பேரைப் பட்டியலில் அடித்துவிட்டு, ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோபத்துக்கெல்லாம் உடம்புல பலம் இல்லை. கேளு."

"உங்க வீட்டுக்குப் பின்னாடி மனை மண்ணு… ரிசல்ட் வந்தப்போ நான் லீவு. நேத்துதான் பையில மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். அதைச் சலிச்சா எடுத்தீங்க?"

மூத்தவள் பாட்டிலை மூடினாள். மண் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. மனை முழுக்கக் கோணல்மாணலாகப் பல இடங்களில் குழி தோண்ட வேண்டும். வருகிறது எதுவானாலும் ஒரு வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பை. கல்லோ கரியோ, பொறுக்கி எறிவது அவர்கள் வேலையில்லை.

"ஏன் கேக்கறே?"

"காலி மனை மண்ணு மாதிரியே இல்லைக்கா. கண்ணாடி இல்லை, செங்கத் துண்டு இல்லை. புட்டு மாதிரி உதிரியா இருக்கு. எரு வாசனை வேற. நீங்கதானே எடுத்தீங்க?"

"பையில இருக்கிற கையெழுத்து என்னோடது" என்றாள் மூத்தவள். கொஞ்சம் பொறுத்து, "அப்ப எனக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். அப்பாவை எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

ஜீப் ஊருக்குள் திரும்பியது. மூத்தவள் நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மனைக்கு விடச் சொன்னாள்.

கடவுளே, இந்த மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார்.

ஆமாம், மனை வாசலில் அப்பா. முகச்சவரம் செய்து, பட்டறைக் காலத்து நல்ல பெல்ட்டைக் கட்டி. கமிட்டிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. வழியெல்லாம் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

"சாப்பிட்டியா? முகமெல்லாம் வத்திப்போயிருக்கு" என்றார்.

"அப்பா, அன்னைக்கு அந்த மண்ணு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஏன்? பாஸாயிடுச்சுல்ல?"

"எங்கேர்ந்துப்பா?"

அப்பா பெருமையாக உயரப் பாத்தியைக் காட்டினார். வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக மண் கொண்டுவந்து, எரு கலந்து, பலகை அடித்து உயர்த்திய பாத்தி. "இதுலேர்ந்துதான். சல்லடையில ரெண்டு தடவை சலிச்சேன்."

"மனை பூரா தோண்டி எடுக்கச் சொன்னேனே."

"தோண்டாம இருப்பேனா? தோண்டினேன். ஒரே கண்ணாடி, ஆணி, கறுப்புக் கறுப்பா கட்டி. உன் பேர் எழுதின பை, அதுல போய் குப்பையை அள்ளிப் போடுவேனா? பார்க்கறவன் உன்னைத்தானே சிரிப்பான்?"

மூத்தவள் என்ன சொல்ல? அப்பாவின் பட்டறையில் புது ஆர்டர் கேட்டு ஒருவர் வந்தால் முதலில் ஒரே ஒரு உருப்படி செய்து காட்டச் சொல்வார்கள். அதைக் கடைகிறது எப்போதும் அப்பாதான். மற்றவர்கள் செய்தது மாதிரியா இருக்கும் அது! பளபளவென்று தேய்த்து, துணியில் சுற்றி அனுப்புவார். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் ஆர்டரே வரும். முதலில் அனுப்புவதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த தர்மம். அதை அப்படியே மண்ணுக்கும் செய்துவிட்டார்.

இதில் அவரைத் திட்ட எனக்கே மனசு வரவில்லை, பெற்ற பெண்ணுக்கு எப்படி வரும்?

"அந்தக் கறுப்புக் கட்டி இருக்கா சார்?" என்று மண் டாக்டர் கேட்டாள்.

அப்பா வேலியோரம் ஒதுக்கி வைத்திருந்த குவியலைக் காட்டினார். அவள் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பேட்டரிக்குள்ள இருக்கிற ஈயத் தகடுக்கா இது. இங்க என்ன இருந்துச்சு?"

"ஏதோ ஷெட்டு. நாங்க குடி வர்றப்பவே பூட்டிக் கிடந்துச்சு, அப்புறம் இடிச்சுட்டாங்க. எங்க ரெக்கார்டுலயும் ஷெட்டுன்னுதான் இருக்கு" என்றாள் மூத்தவள்.

மண் டாக்டர் ஜீப்பிலிருந்து ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். துளை போடுகிற டிரில் மாதிரி கைப்பிடி வைத்தது. மண்ணில் வைத்து அழுத்தினால் உள்ளே என்னென்ன உலோகம் என்று திரையில் காட்டிவிடும். உயரப் பாத்தியில் வைத்தாள். சுத்தம். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது.

வேலியோரம் வைத்தாள். நடுவில் வைத்தாள். அந்தக் கோடியில் வைத்தாள். ஒவ்வொரு இடத்திலும் மூத்தவள் எட்டிப் பார்த்தாள், அப்புறம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஈயம், இருக்கலாம் என்கிற அளவைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

"ஈயம் விஷம்கா, அதுவும் சின்னப் பிள்ளைங்களுக்கு. இங்க சாப்பிடற பொருள் எதுவும் போடக் கூடாது" என்றாள் மண் டாக்டர் மெதுவாக.

"மேல நல்ல மண்ணைக் கொட்டிட்டா?" இது அப்பா. "பாத்தி மண்ணு நல்லாருக்குன்னு மெஷினே சொல்லிச்சே."

"மனை பூரா தடுப்பு விரிச்சு, மேல கொட்டணும் சார். அதுக்கு முன்னாடி அடி மண்ணை என்ன பண்றதுன்னு வேற ஆபீஸ் பார்த்துச் சொல்லணும். வருஷமாகும்."

அப்பா தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினார்.

மூத்தவள் ஆபீஸ் சூப்பிரண்டுக்கு போன் போட்டாள். "சார், வீட்டுப் பக்கத்து மனை வேண்டாம். கமிட்டியைப் பட்டியல்ல ரெண்டாவதா இருக்கிற தண்ணித் தொட்டி இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"என்ன மேடம் விளையாடறீங்களா? ரிசல்ட் பிரமாதமா வந்திருக்கே. கமிட்டித் தலைவர்கிட்ட அந்த இடம்தான்னு சொல்லி வச்சாச்சு."

"மண்ணு தப்பா எடுத்தாச்சு சார்."

"யார் எடுத்தது?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையில என் கையெழுத்துதானே சார் இருக்கு" என்றாள். "நான் எழுதிக் குடுத்துடறேன்."

"விளக்கம் கேப்பாங்க மேடம். சும்மா விடமாட்டாங்க."

"கேக்கட்டும் சார். உட்கார்ந்து பதில் எழுதறேன். உட்காரவாவது கிடைக்கும்."

போனை வைத்தாள். அவ்வளவுதான். மாதக்கணக்கில் கட்டியது ஒரு போனில் போய்விட்டது. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. அப்பா பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார்.

"ஆகாதுப்பா."

மண் டாக்டர் இன்னும் போகவில்லை. உயரப் பாத்தியைத் தாண்டி, தரையோடு தரையாகப் பச்சென்று நீளமாக ஒரு கீரைப் பாத்தி. அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெஷினை வைத்தாள். திரையைப் பார்த்துவிட்டு, மூத்தவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கேயும் ஈயம்தான்.

"அப்பா, இது?"

"இந்தப் பருவத்துல போட்டது. கொண்டுவந்த மண்ணு அந்தப் பாத்தியோட தீர்ந்துபோச்சு. இதை நேரா தரையிலயே விதைச்சுட்டேன். என்னமா வந்திருக்கு பாரு."

"வீட்டுக்கு வர்ற கீரை எந்தப் பாத்தியிலேர்ந்துப்பா?"

அப்பாவின் பார்வை நீளப் பாத்தியை விட்டு நகரவில்லை.

மூன்று மாடி ஏறுவதற்குள் மூத்தவள் இரண்டு தடவை நின்றாள். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே, கூடவே நின்றார்.

மருமகள் தையல் மெஷினை மூடிவிட்டுத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி. மாமா, கையைக் கழுவிட்டு வாங்க. கமிட்டிக்காரங்க வர்றதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டுடுங்க. இன்னைக்கும் உங்க கீரைதான்."

மூத்தவள் பேச வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"அதை இறக்கி வைம்மா. சாப்பிட வேண்டாம்."

"ஏன் மாமா, உப்பு பார்த்தேனே."

"அந்த மண்ணுல ஈயம் இருக்காம். பேட்டரி ஈயம். கீரையில ஏறியிருக்கும். நான்தான்… எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவள் பாத்திரத்தை மூடித் தள்ளி வைத்தாள். கரண்டியைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள். புகுந்த வீட்டில் ஒருத்தர் தன்னை நினைத்துத் தினமும் ஒரு பொருளைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார் என்றால், அது இந்த மாமனார்தான். 'வயித்துப் பிள்ளைக்கு நல்லது, சாப்பிடும்மா' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தது. அவளும் ஆசையாகத்தான் சாப்பிட்டாள்.

"அண்ணி, இதுக்கு டெஸ்ட் ஏதாவது இருக்கா?"

"ரத்தத்துல பார்க்கலாம். நாளைக்குக் காலையில முதல் வேலையா நானே கூட்டிட்டுப் போறேன். ரொம்ப இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். இந்தப் பருவம்தானே சாப்பிட்டோம்."

"தினமும் சாப்பிட்டேன் அண்ணி."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிச் சட்டை கசங்குவதைப் பற்றி இனி என்ன.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் மருமகள். "டெஸ்ட் வந்தப்புறம் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க. ஏற்கனவே அந்த மனை பேரைச் சொன்னாலே அவருக்கு ஆகறதில்லை. இது தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

"அவன் புருஷன்மா, மறைக்கக் கூடாது" என்றார் அப்பா.

"மறைக்கலை மாமா. ரெண்டு நாள் தள்ளிப் போடறேன். எனக்குப் பயப்படறதுக்கே நேரம் போதாது, அவர் சண்டையையும் சேர்த்துத் தாங்க என்னால ஆகாது."

நியாயம்தான். ஆனால் தம்பி முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடிக்கிறவன். மூன்று பேரும் முகத்தை எங்கே ஒளித்து வைப்பார்களோ தெரியவில்லை.

மூத்தவள் தண்ணீர் எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எதையோ மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற முகம்.

"கீழ் வீட்டுக்கும் குடுத்தீங்களா மாமா?" என்று கேட்டாள் மருமகள்.

"குடுத்தேன்."

"எதிர் வீட்டுக்கு?"

"எல்லாருக்கும்தான்."

மூத்தவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "தோட்டம்னா ஆள் கூட்டம் வேணும்னு நீதானே சொன்னே? சும்மா போய்ச் சேருங்கன்னா யாரு சேருவா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு கொண்டுபோய்க் குடுத்தேன். நம்ம தோட்டம் வந்தா தினமும் இப்படி வரும்னு. அடிக்கடி குடுத்தேன். மறந்துடுவாங்களோன்னு."

அவள் தன் அறிக்கையில் பெருமையாக எழுதிய ஒரு வரி உண்டு: குடியிருப்போர் அனைவரும் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றனர். இவ்வளவு ஆர்வம் வேறெந்த இடத்திலும் இல்லை என்று கமிட்டியில் பேசிக் கைதட்டுகூட வாங்கினாள். அந்த ஆர்வம் அத்தனையும் அப்பா கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு படியேறிச் சேர்த்தது. அத்தனை வீட்டு அடுப்பிலும் ஏறியது.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"எங்கேப்பா?"

"சொல்ல வேண்டாமா?"

"ஆபீஸ்லேர்ந்து முறையா அறிவிப்பு கொடுப்பாங்க. நானே எழுதிடறேன். நீங்க உட்காருங்க."

"அறிவிப்பு வர்றதுக்குள்ள ரெண்டு வேளை சமைச்சுடுவாங்க. குடுத்தது நான். நான்தான் சொல்லணும்."

"திட்டுவாங்கப்பா."

"திட்டட்டும்."

மூத்தவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். உடம்பு ஒவ்வொரு எலும்பாக வேண்டாம் என்றது. அப்பாவைத் தனியாக அந்தக் கதவுகளுக்கு முன்னால் நிறுத்த மனசு வரவில்லை.

கீழ் வீட்டு மணியை அப்பா அழுத்தினார். கதவைத் திறந்தவள் நர்ஸ், நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்த கண். இடுப்பில் சின்னப் பெண், வாயோரம் பச்சையாக.

"வாங்க, வாங்க" என்றாள். "இப்பதான் உங்களைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். இவ எதைக் குடுத்தாலும் துப்பறவ. உங்க கீரைன்னா மட்டும் ஒரு வாய் மிச்சம் வைக்க மாட்டேங்கறா. இதோ, இப்பத்தான் தட்டைக் காலி பண்ணினா."

அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கமிட்டி என்ன சொன்னாங்க? நமக்குத்தானே?" என்று நர்ஸ் கேட்டாள்.

"உள்ள வரலாமாம்மா?" என்றார் அப்பா. "உட்கார்ந்து சொல்றேன்."